அம்மை இறங்கிய பிறகு வரும் பக்கவாதம்

பென்னாகரத்துக்குப் பக்கத்துக் கிராமமொன்றில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி காலையில் களி சாப்பிட உட்கார்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பிட்டெடுத்த களி அவள் கையில் நிற்காமல் தட்டிலேயே விழுகிறது. இரண்டு முறை முயன்றுவிட்டு இடக்கையை நீட்டுகிறாள். "சோத்துக் கையால சாப்பிடு கண்ணு" என்று பாட்டி அதட்டுகிறார். எழுந்து நடக்கும்போது வலக்கால் பின்னுகிறது, வாய் இடப்பக்கமாகக் கோணுகிறது, கேட்டதற்குப் பதில் குழறி வருகிறது. காய்ச்சல் இல்லை, கீழே விழவும் இல்லை. காற்றுப் பட்டுவிட்டது என்று ஒருவரும் ஜன்னி கண்டுவிட்டது என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். தாத்தாவுக்கு வந்த பக்கவாதத்தை அந்த வீடே பார்த்திருந்தும், ஐந்து வயதுக் குழந்தைக்கு அது வரும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

குழந்தைகளுக்குப் பக்கவாதம் வருவது அபூர்வம்தான் என்றாலும், வரும்போது அதன் பின்னணியில் பெரியவர்களுக்கு உள்ளதுபோல் ரத்தக்கொதிப்போ, சர்க்கரை நோயோ, புகைப்பழக்கமோ இருப்பதில்லை. பிறவி இதயக் குறை, ரத்த நோய்கள் ஆகியவற்றோடு நோய்த்தொற்றும் அங்கே முக்கியக் காரணமாக நிற்கிறது. பல நாடுகளின் மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பக்கவாதம் வந்த குழந்தைகளில் 18 சதவீதத்தினருக்கு அதற்கு முந்தைய ஒரு வாரத்துக்குள் ஏதோ ஒரு தொற்று இருந்தது. ஒப்பிடப்பட்ட மற்றக் குழந்தைகளில் அது 3 சதவீதம் மட்டுமே. சாதாரணச் சளிக் காய்ச்சலே, ஏற்கெனவே ஏதுவான நிலையில் உள்ள குழந்தையின் ரத்தத்தைச் சிறிது காலம் எளிதில் உறையக்கூடியதாக்கிவிடுகிறது. சின்னம்மையின் வழி வேறு. அது காத்திருந்து வருகிறது.

நம் ஊர்களில் அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகி, மூன்று தண்ணீர் ஊற்றி முடித்ததும் அம்மன் இறங்கிவிட்டாள் என்று அந்தக் கணக்கை மூடிவிடுகிறோம். வைரஸ் அந்தக் கணக்கை மூடுவதில்லை. தோலிலிருந்து நரம்பிழைகளின் வழியே ஏறி, முகத்துக்கு உணர்வு தரும் நரம்பின் கணுவில் போய் அது தங்குகிறது. அதே கணுவிலிருந்து மெல்லிய இழைகள் மூளையின் பெரிய தமனிகளுக்கும் செல்வதால், வைரஸ் மீண்டும் கிளர்ந்தெழும்போது அந்த இழைகள் வழியாகத் தமனியின் வெளிச்சுவரை அடைந்து, அங்கிருந்து உள்நோக்கி அழற்சியைப் பரப்புகிறது. சுவர் தடித்து உள்வழி குறுகுகிறது. வழவழப்பாக இருக்க வேண்டிய உள்படலம் சொரசொரப்பாகி, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் அதில் ஒட்டத் தொடங்குகின்றன. மூளையின் நடுத்தமனி தொடங்கும் இடம்தான் பெரும்பாலும் இப்படிப் பாதிக்கப்படுகிறது. அங்கிருந்து கிளைக்கும் நூல் போன்ற சிறு தமனிகள் கை கால் அசைவுக்கான நரம்புப் பாதைகள் கடந்து செல்லும் ஆழ்பகுதிக்கு ரத்தம் தருகின்றன என்பதால், குழந்தை விழித்தபடி இருக்கும்போதே ஒரு பக்கம் மட்டும் செயலிழக்கிறது. சின்னம்மைக்குப் பிந்தைய ஆறு மாதங்களில் இந்த ஆபத்து ஏறத்தாழ நான்கு மடங்காகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஆகவே, அவசரப் பிரிவில் "அம்மை போட்டிருந்ததா?" என்று மட்டும் கேட்டால் போதாது என்பது என் எண்ணம். இப்போது போட்டிருக்கிறதா என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு தாய் இல்லை என்று தலையசைத்துவிடுவார். "கடைசியாக எப்போது தண்ணீர் ஊற்றினீர்கள்?" என்று கேட்டால், மாரியம்மன் பண்டிகைக்கு முன்பா பின்பா என்பதுவரை துல்லியமாகச் சொல்வார். அந்தப் பதில்தான் சிகிச்சையின் போக்கையே மாற்றக்கூடியது.

ரத்தம் முழுதாக நின்றுபோன நடுப்பகுதி சில நிமிடங்களில் அழிந்துவிடுகிறது. அதைச் சுற்றியுள்ள பகுதியோ பக்கத்துத் தமனிகளிலிருந்து கசியும் கொஞ்ச ரத்தத்தை வைத்துக்கொண்டு, வேலை செய்யாமல், ஆனால் சாகாமல், சில மணி நேரம் தாக்குப்பிடிக்கிறது. அவசர சிகிச்சை முழுவதும் அந்த விளிம்புப் பகுதிக்காகத்தான். வீட்டிலேயே அதற்குக் கேடு நேரலாம். வலிப்பும் சேர்ந்து வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். அதனால் பயனில்லை, பெரிய கெடுதலும் இல்லை. வாயில் தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றுவதுதான் ஆபத்து, ஏனெனில் விழுங்கும் தசைகளும் செயலிழந்திருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். தாத்தாவின் மாத்திரைப் பெட்டியிலிருந்து ஆஸ்பிரின் எடுத்துக் கொடுப்பதும் கூடாது. உள்ளே நடந்திருப்பது அடைப்பா ரத்தக்கசிவா என்பது ஸ்கேன் எடுக்காமல் யாருக்கும் தெரியாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, எத்தனை மணிக்கு நன்றாக இருந்தாள் என்பதை நினைவில் குறித்துக்கொண்டு, 108-ஐ அழைப்பதே வீட்டார் செய்ய வேண்டியது.

முதலில் போய்ச் சேரும் மருத்துவமனையில் எம்ஆர்ஐ இல்லாவிட்டாலும் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பதே முதல் வேலை, ஏனெனில் ரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்தாலும் ஒரு பக்கம் தளர்ந்து பக்கவாதம்போலத் தோன்றும். அடுத்து, சொட்டு மருந்து. எந்த பாட்டிலைத் தொங்கவிட்டாலும் "குளுக்கோஸ் ஏத்துறாங்க" என்றே நாம் சொல்கிறோம். இந்தக் குழந்தைக்கு ஏற்ற வேண்டியதோ உப்புக் கரைசல். உப்புச் செறிவு குறைந்த திரவம் மூளைத் திசுவுக்குள் நீரை இழுத்து வீக்கத்தைக் கூட்டிவிடும் என்பதால், சர்க்கரை குறைந்திருந்தால் மட்டுமே குளுக்கோஸுக்கு அங்கே இடமுண்டு. ரத்த அழுத்தம் சற்றுக் கூடியிருந்தால் அதைப் பதறிக்கொண்டு இறக்குவதில்லை. குறுகிய வழியில் ரத்தத்தைத் தள்ளுவது அந்த அழுத்தம்தான். காய்ச்சலும் வலிப்பும் மூளையின் ஆக்சிஜன் தேவையை ஏற்றிவிடுவதால் இரண்டையும் உடனே அடக்குகிறார்கள். தலையைத் தட்டையாக வைத்தால் ரத்தம் எளிதாகப் போகும் என்றாலும், மூளைக்குள் அழுத்தம் ஏறியதன் அறிகுறிகள் தென்பட்டால் முப்பது டிகிரி உயர்த்திவிடுகிறார்கள்.

பிறகு படம். சிடி ஸ்கேன் ரத்தக்கசிவைச் சட்டென்று காட்டிவிடும். புதிய அடைப்பை முதல் சில மணி நேரத்தில் அது காட்டாமல் போகலாம். ஆகவே "ஸ்கேன் நார்மல்" என்ற சொல்லைக் கேட்டு வீட்டுக்கு அழைத்துப் போய்விடக் கூடாது. எம்ஆர்ஐயில் நீர் மூலக்கூறுகளின் நகர்வைப் பார்க்கும் முறை, அடைப்பு ஏற்பட்ட சில நிமிடங்களிலிருந்தே திசுவின் தவிப்பை வெண்புள்ளியாகக் காட்டுகிறது; அதே இருக்கையில் தமனிகளையும் படம் எடுத்தால் எந்த இடத்தில் குறுகியிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

பெரியவர்களுக்கு நான்கரை மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவது பழகிய முறை. அதையே குழந்தைக்கும் போட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்கத் தோன்றும். அதைச் சோதிக்க வட அமெரிக்காவில் தொடங்கிய ஆய்வுக்கு 93 குழந்தைகளைப் பரிசீலித்தார்கள். 43 பேருக்கே பக்கவாதம் உறுதியானது. கடைசியில் ஊசி பெற்றது ஒரே குழந்தை. 2013 டிசம்பரில் ஆய்வை நிறுத்திவிட்டார்கள். தொற்றினால் வந்த பக்கவாதத்தில் இந்த ஊசிக்கு இடம் இன்னும் குறைவு, ஏனெனில் குற்றவாளி கட்டி அல்ல, வீங்கிய சுவர். இதய வால்வில் கிருமிகள் குடியேறி, அங்கிருந்து உதிர்ந்த துணுக்கு மூளைக்குப் போயிருந்தால் ஊசியே ஆபத்தாகிவிடும்; கிருமி அரித்த தமனி உடைந்து ரத்தம் பெருகக்கூடும்.

எனவே கட்டியை விட்டுவிட்டு அதன் மூலத்தைத் தாக்குகிறார்கள். அம்மை வைரஸின் மேல் சந்தேகம் விழுந்தால், முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனையின் முடிவுக்குக் காத்திராமல், வைரஸ் எதிர்ப்பு மருந்தான அசைக்ளோவிரை எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தக்குழாய் வழியாகத் தொடங்குகிறார்கள். சிறுநீரகத்தில் அது படிகமாகிவிடாமலிருக்க ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் மெதுவாக, போதிய திரவத்தோடு ஏற்றுகிறார்கள். சுவரின் வீக்கத்தை அடக்க ஸ்டீராய்டையும் பல மையங்கள் சேர்த்துக் கொடுக்கின்றன, அதற்கான வலுவான சான்று இன்னும் திரளவில்லை என்றாலும். ரத்தக்கசிவு இல்லை என்று தெரிந்த பிறகு, தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கச் சிறு அளவு ஆஸ்பிரின் சேர்கிறது. அந்தத் தண்டு நீரில் வைரஸின் மரபணு அகப்படாவிட்டாலும் அதற்கெதிரான எதிர்ப்பொருள் அகப்படுவதுண்டு. இரண்டையும் தேடச் சொல்வதே முறை.

நம் நாட்டில் மறக்கக் கூடாத இன்னொரு மூலம் காசநோய். குழந்தை இரண்டு மூன்று வாரமாகச் சோர்ந்து, மெலிந்து, காரணமின்றி வாந்தியெடுத்து, அதன்பின் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டால் மூளையுறைக் காசநோயைத்தான் முதலில் நினைக்க வேண்டும். மூளையின் அடித்தளத்தில் கூழ் போன்ற கசிவு திரண்டு, அதற்குள் அமிழ்ந்து கிடக்கும் தமனிகளை அது சுற்றி நெரிக்கிறது. அதே கூழ் மூளைநீர் வடியும் வழியையும் அடைத்துவிடுவதால் அழுத்தம் ஏறுகிறது. காசநோய் மருந்துகளும் ஸ்டீராய்டும் அன்றே தொடங்க வேண்டும். நீர் தேங்கியிருந்தால் குழாய் வைத்து வடிக்கும் அறுவைசிகிச்சைக்கும் நாள் பார்க்க முடியாது. பிறந்தவுடன் போடும் பிசிஜி ஊசி முக்கியமாகக் காப்பது குழந்தைகளுக்கு வரும் இத்தகைய கடும் காசநோயிலிருந்துதான்.

காதில் நெடுநாள் சீழ் வடியும் குழந்தைக்கோ அடைபடுவது தமனியல்ல, காதெலும்பை ஒட்டி ஓடும் பெரிய சிரை. அங்கே ஆன்டிபயாட்டிக்கோடு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினும் கொடுக்கிறார்கள். சிறு ரத்தக்கசிவு இருந்தாலும் பெரும்பாலும் நிறுத்துவதில்லை, ஏனெனில் அந்தக் கசிவே சிரை அடைபட்டுப் பின்னால் தேங்கிய ரத்தத்தினால் வந்தது.

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. மேல்சிகிச்சைக்கென்று தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலத்துக்கோ, ஓசூர் வழியாகப் பெங்களூருக்கோ அனுப்பும்போது, மருந்தின் முதல் தவணை வண்டி கிளம்புவதற்கு முன்பே ஏறியிருக்க வேண்டும்; கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் எத்தனை மணி நேரம் போகும் என்பது இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அனுப்புச் சீட்டில், கடைசியாக நன்றாக இருந்த நேரத்துக்குப் பக்கத்திலேயே தண்ணீர் ஊற்றிய மாதத்தையும் எழுதியிருந்தால், அங்கே வாங்கிப் பார்ப்பவர் அதே கேள்வியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிராது.