ஊக்கமருந்து அல்ல, தசைபெருக்கி

போன வாரம் தொலைக்காட்சிச் செய்தியில் மறுபடியும் அதே தொடர்: ‘ஸ்டீராய்டு என்னும் ஊக்கமருந்து’. பக்கத்தில் இருந்த என் அக்கா மகன் ஜிம்முக்குப் போகிறவன். “ஊக்கமருந்துதானே மாமா, சத்து மாத்திரை மாதிரி” என்றான். அவனைக் குறை சொல்ல முடியவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும்.

ஸ்டீராய்டின் வேர் எளியது. கிரேக்கத்தில் ‘ஸ்டீரியோஸ்’ என்றால் கெட்டியானது. பித்தக்கல்லில் கிடைத்த கெட்டிப் பொருள் கொலஸ்ட்ரால்; அதன் வேதிக் கட்டமைப்பை ஒத்தவை ஸ்டீராய்டுகள். ஊக்கம் என்ற பொருள் இதில் துளியும் இல்லை. ஆஸ்துமாவுக்கு எழுதித்தரும் பிரெட்னிசலோனும் ஸ்டீராய்டுதான். அதை நெடுநாள் சாப்பிட்டால் தசை மெலியவே செய்யும்.

ஊக்கமோ மனத்தின் திடம். வள்ளுவர் ‘ஊக்கமுடைமை’ என்று ஓர் அதிகாரமே வைத்தார். ஊக்கத்தொகை, ஊக்கப்பரிசு என்று நல்லவற்றுக்கே புழங்கும் சொல்லை இதன் தலையில் கட்டியது பெரும் பிழை. ஆம்பெட்டமின் போன்றவற்றுக்கு வேண்டுமானால் ஓரளவு பொருந்தும். அவை நரம்பைத் தூண்டிக் களைப்பை மறைக்கும். 1967 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் பிரிட்டன் வீரர் டாம் சிம்சன், கொளுத்தும் வெயிலில் மோன் வான்டூ மலையேறும்போது சாய்ந்து இறந்தார். உடலில் ஆம்பெட்டமினும் மதுவும் இருந்தன. நிறுத்தச் சொல்லும் களைப்பு தெரியாமல் போனால் இதயம் எத்தனை நேரம் தாங்கும்?

1988 சியோலில் 100 மீட்டரை 9.79 நொடியில் ஓடிப் பதக்கம் இழந்த பென் ஜான்சனிடம் சிக்கியது ஸ்டானோசோலோல் என்ற ஸ்டீராய்டு. அது ஓடும் நேரத்துத் தூண்டுதலுக்கானது அல்ல, பயிற்சிக் காலத்தில் தசையை வளர்க்க எடுப்பது. சைக்கிள் வீரர்கள் போட்டுக்கொண்ட இ.பி.ஓ. (எரித்ரோபொய்டின் என்னும் ஹார்மோன்) வேறு ரகம்: சிவப்பணுக்களைப் பெருக்கி இரத்தத்தையே கெட்டியாக்கும், உறைகட்டிக்கு வழி செய்யும். இதயத்தை மூன்று வழியில் கெடுக்கும் மூன்றுக்கும் ஒரே பெயரா? அகராதியின் முதல் வரியோடு எழுந்துவிடும் மொழிபெயர்ப்பாளர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

‘பழகிய சொல், விட்டுவிடுங்கள்’ என்பார்கள். பழகியதுதான் தொல்லை. இந்த வகை ஸ்டீராய்டுக்கு ஆங்கிலத்தில் ‘அனபாலிக்’ என்ற அடைமொழி உண்டு; அதற்குப் பாடநூலின் ‘வளர்மாற்றம்’ சரியானது, ஆனால் ஜிம் வாசலில் யாருக்கும் புரியாது. நான் சொல்வது ‘தசைபெருக்கி’. இதயமும் தசைதானே! புஜம் பெருக்கும் அதே மருந்தில் இடது கீழறையின் சுவரும் தடித்து விறைக்கும். நல்ல கொழுப்பு இறங்கும், கெட்ட கொழுப்பு ஏறும், இதயத் தமனியில் படியும். 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில் எடை தூக்கும் 140 ஆண்களைச் சோதித்தார்கள். மருந்து எடுக்காதவர்களின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் சராசரியாக 63 விழுக்காடு இரத்தத்தை வெளியே தள்ளியது, எடுத்தவர்களுக்கு 52தான்.

அப்புறம், ஸ்டீராய்டு என்ற குடும்பப் பெயர் அப்படியே இருக்கட்டும். தனித்தமிழ் அன்பர்கள் கோபித்தாலும் சரி. ஆஸ்துமாக்காரரைப் பயமுறுத்தும் தமிழாக்கம் நமக்கு வேண்டாம். விளையாட்டுச் செய்தியில் எந்த வகை என்று தெரியாதபோது ‘தடைமருந்து’ என்று எழுதலாம். தெரிந்தால் வகையைச் சொல்லிவிட வேண்டும்.