படைக்கலத் தேர்ச்சி: சொல் விளக்கம்

மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று ஆடும் வகிபாக விளையாட்டுகளின் ஆங்கில விதிநூல்களில் ‘வெப்பன் புரொபிசியன்சி’ என்றொரு தொடர் திரும்பத் திரும்ப வரும். ஒரு பாத்திரம் எந்தெந்தப் படைக்கலங்களை முறையாகக் கையாள அறிந்தது என்பதை அது குறிக்கிறது. மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அந்நூல்களை அருகில் வைத்துக்கொண்டு தமிழில் ஆட முற்படுவோர், அதற்கு ‘ஆயுதப் பயிற்சி’ என்றும் ‘ஆயுதத் திறமை’ என்றும் ‘ஆயுத நிபுணத்துவம்’ என்றும் வாய்க்கு வந்தபடி ஒரு பெயரைச் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடர்வதுண்டு. இவற்றுள் ஒன்றும் விதியின் பொருளைச் சரியாகத் தாங்கவில்லை. ‘படைக்கலத் தேர்ச்சி’ என்பதே பொருத்தமான தமிழ் என்பது எனது துணிபு.

சொல்லை நிறுப்பதற்கு முன் பொருளை அளந்துகொள்ள வேண்டும். இவ்விளையாட்டில் தேர்ச்சி என்பது ஒருவர் எவ்வளவு நன்றாக வாள் வீசுவார் என்ற அளவு அன்று. அந்த வாளை முறைப்படி கற்றவரா, இல்லையா என்ற நிலை. உடல் வலிமைக்குத் தனி எண் உண்டு. கைவேகத்துக்குத் தனி எண் உண்டு. தேர்ச்சிக்கு விடை இரண்டுதான்: உண்டு, அல்லது இல்லை. ‘திறமை’ என்னும் சொல் பொருந்தாமற் போவது இதனால்தான், ஏனெனில் திறமையில் கூடுதலும் குறைதலும் உண்டு.

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரின் ஆக்கமாக 1974 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் வகிபாக விளையாட்டு வெளிவந்தபோது, போர்வீரர், மந்திரவாதி என்றாற்போலப் பாத்திரங்கள் சேரும் வகுப்புகளில் எந்த வகுப்பினர் எந்தப் படைக்கலத்தை ஏந்தலாம் என்ற வரையறை மட்டுமே இருந்தது. ஏந்த அனுமதிக்கப்பட்டவர் அதில் பழக்கப்பட்டவராகவே கொள்ளப்பட்டார். அதன் விரிந்த வடிவத்துக்கென 1978 இல் கைகாக்ஸ் எழுதிய ஆட்டக்காரர் கைந்நூலே படைக்கலத் தேர்ச்சியைத் தனி விதியாக நிறுத்தியது. போர்வீரர் நான்கு படைக்கலங்களில் தேர்ச்சியோடு தொடங்குவார். பாத்திரம் அனுபவத்தால் ஏறும் படிகளாகிய மட்டங்களில் ஒவ்வொரு மூன்றுக்கும் மேலும் ஒன்று அவருக்குக் கிடைக்கும். பூசகருக்கும் கள்வருக்கும் தொடக்கத்தில் இரண்டு. பின்னர் நான்கு மட்டங்களுக்கு ஒன்று. மந்திரவாதியோ குறுவாள், எறியம்பு, நெடுந்தடி என்னும் மூன்றினுள் ஒன்றை மட்டும் தேர்ந்துகொண்டு, அடுத்ததற்கு ஆறு மட்டங்கள் காத்திருக்க வேண்டும். தேர்ச்சி பெறாத படைக்கலத்தை எடுத்துத் தாக்கினால் போர்வீரர் தமது பகடை எண்ணில் 2 ஐ இழப்பார், மந்திரவாதி 5 ஐ இழப்பார். அதே பிழைக்குப் போர்வீரருக்குச் சிறு தண்டமும் மந்திரவாதிக்குப் பெருந்தண்டமும் விதிக்கப்பட்டதில் நல்ல நியாயம் இருக்கிறது: பல கருவிகளைக் கையாண்டு பழகிய கை, புதியதொன்றைப் பிடிக்கும்போதும் முழுவதும் தடுமாறுவதில்லை.

அந்நாளைய விதியில் தேர்ச்சி தனித்தனிப் படைக்கலத்துக்கு உரியது. நெடுவாளில் தேர்ந்தவர் குறுவாளில் தேர்ந்தவராகிவிட மாட்டார். ஆகவே புதிய மட்டத்தை அடைந்த வீரர் எதைச் சேர்ப்பது என்று ஆட்டக்காரர் உட்கார்ந்து எண்ணிப் பார்ப்பார். வாள் ஏற்கனவே இருக்கிறது, தொலைவில் நிற்கும் பகைவனுக்கு வில் வேண்டாமா, வாள் தொலைந்துவிட்டால் கதாயுதம் கைகொடுக்காதா என்று. அந்தத் தெரிவிலேதான் பாத்திரத்தின் வரலாறு எழுதப்பட்டது. 1985 இல் வந்த விரிவு நூலொன்று, ஒரே படைக்கலத்தில் இரட்டிப்பு ஊன்றி நிற்கும் சிறப்புத் தேர்ச்சியை அறிமுகப்படுத்தியது. அது தனிப்பொருள், அதற்கே ‘நிபுணத்துவம்’ என்பதை ஒதுக்கி வைப்பது நன்று.

2000 ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு படைக்கலங்களை மூன்று கூட்டங்களாகப் பிரித்தது: எளியவை, போருக்குரியவை, அயலானவை. போர்வீரருக்கு முதலிரு கூட்டங்களும் முழுமையாக வாய்த்தன. மற்றவர் தமக்கு இல்லாத ஒன்றை வேண்டினால், முதல் மட்டத்திலும் பின்னர் மூன்று மட்டங்களுக்கு ஒரு முறையும் கிடைக்கும் தனித்திறன்களுள் ஒன்றை அதற்கென விலையாகக் கொடுக்க வேண்டும். தேர்ச்சி இல்லாதவருக்கு, வகுப்பு எதுவாயினும், பகடை எண்ணில் 4 குறையும்.

மூன்றாவது கூட்டத்தின் பெயரில் நாம் சற்று நிற்க வேண்டும். சாட்டையும் முட்சங்கிலியும் இருக்கும் அந்தப் பட்டியலில் வலையும் இருக்கிறது. எறிந்து பகைவனைச் சிக்கவைக்கும் வலையை, உரோமை நாட்டுக் களரிகளில் சண்டையிட்டவர்களின் கருவியாகவே விதி எழுதியவர்கள் எண்ணியிருக்க வேண்டும். அவர்களுக்கு அது அரிய பொருள். மட்டக்களப்பு வாவியிலே விடியற்காலையில் தோணியின் தலைப்பில் நின்று வீச்சுவலையை வட்டமாக விரித்து எறியும் மீனவருக்கு அது அன்றாடம். ஆகவே இக்கூட்டத்தை ‘கடினமானவை’ என்றோ ‘அபூர்வமானவை’ என்றோ மொழிபெயர்ப்பது தவறு. விதி சொல்வது கருவியின் இயல்பை அன்று, கருவிக்கும் பாத்திரம் பிறந்த மண்ணுக்கும் உள்ள தொலைவை. ‘அயற் படைக்கலம்’ என்றால் அது விளங்கிவிடும். வாவிக்கரையில் பிறந்ததாகப் படைக்கப்படும் பாத்திரத்துக்கு வலையை எளிய கூட்டத்தில் சேர்த்துக் கொடுக்கும் ஆட்ட நடத்துநரை நான் முழுமனதோடு ஆதரிப்பேன்.

2014 இல் வந்த ஐந்தாம் பதிப்பு தண்டத்தை நீக்கிவிட்டு, தேர்ச்சி உள்ளவருக்கு மட்டும் ஓர் எண்ணைக் கூட்டிக் கொடுத்தது. முதல் நான்கு மட்டங்களில் அது 2. பின்னர் நான்கு மட்டங்களுக்கு ஒன்றாக உயர்ந்து, 17 ஆம் மட்டத்தில் 6 ஆகிறது. இதைத் ‘தேர்ச்சிக் கூட்டெண்’ எனலாம். இப்பதிப்பில் மேலதிகத் தேர்ச்சிக்குப் பல வழிகள் உண்டு. குலத்தால் வருவது ஒன்று: குள்ளர் குலத்தார் போர்க்கோடரியையும் போர்ச்சுத்தியலையும் பிறப்போடு அறிந்தவர்கள். இடையில் போர்வீரர் வகுப்பையும் சேர்த்துக்கொள்பவருக்கு எளியவையும் போருக்குரியவையும் ஒருங்கே வாய்க்கின்றன. தனித்திறன் ஒன்றினால் விரும்பிய நான்கு படைக்கலங்களைப் பெறலாம். ஓய்வு நாட்களில் ஆசிரியரிடம் 250 நாட்கள், நாளொன்றுக்கு ஒரு பொற்காசு வீதம் செலவிட்டுக் கற்கும் வழியும் கூறப்பட்டிருக்கிறது. ஆனால் அந்நூலில் அது மொழிகளுக்கும் தொழிற்கருவிகளுக்கும் மட்டுமே. அதைப் படைக்கலங்களுக்கும் நீட்டிக்கொள்ளும் குழுக்கள், தமது வீட்டு விதியென்று தெளிவாகச் சொல்லிக்கொள்வது முறை. 2024 ஆம் ஆண்டுத் திருத்தம், தேர்ச்சிக்கு மேலே, ஒவ்வொரு படைக்கலத்துக்கும் உரிய தனி நுட்பத்தைக் கையாளும் ஆற்றலை வைத்தது. அதற்கு ‘படைக்கல வன்மை’ பொருந்தும்.

இனிச் சொல்லின் வேருக்கு வருவோம். ஆங்கிலச் சொல் இலத்தீனின் ‘புரோஃபிகெரே’ என்னும் வினையிலிருந்து வந்தது. ‘புரோ’ என்பது முன்னோக்கி என்றும், ‘ஃபாகெரே’ என்பது செய்தல் என்றும் பொருள்படும். இரண்டும் சேர்ந்து முன்னேறுதல், பயன் தருதல் என்றாயின. கற்கும் வழியில் ஓரிடம் வரை முன்சென்றவரே அம்மொழியில் தேர்ந்தவர். மட்டம் உயர உயரத் தேர்ச்சிகள் கூடுகின்ற விதிக்கு இந்த வேர் இசைவானது.

தமிழில் ‘தேர்’ என்னும் வினையடி வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. ஆராய்தல், ஆராய்ந்து தெரிந்தெடுத்தல் என்பன அதன் அடிப்பொருள். தேர்தல், தேர்வு, தேர்ச்சி ஆகிய மூன்றும் அதிலிருந்து கிளைத்தவை. ‘தேறற்க யாரையும் தேராது தேர்ந்தபின் தேறுக தேறும் பொருள்’ என்னும் 509 ஆவது குறளில், ஆராய்தலாகிய தேர்தலும் நம்பித் துணிதலாகிய தேறுதலும் அருகருகே நிற்கின்றன. ஆராய்ந்து பார்த்தபின் இனி நம்பலாம் என்ற நிலை ஒருவரைப் பற்றி ஏற்படுமானால், அந்த நிலையே தேர்ச்சி. ‘கைதேர்ந்தவர்’ என்று நாம் ஒரு தச்சரையோ மருத்துவிச்சியையோ சொல்லும்போது, அவருடைய கையை நம்பி வேலையை ஒப்படைக்கலாம் என்றே சொல்கிறோம். விதிநூல் கேட்பதும் அதுதான்: இந்தப் படைக்கலத்தை இந்தக் கைக்கு நம்பிக் கொடுக்கலாமா? மேலும், ஆட்டக்காரர் பட்டியலிலிருந்து படைக்கலத்தைத் தேர்ந்தெடுத்துத்தான் பாத்திரத்துக்குத் தேர்ச்சி தருகிறார். தெரிவும் தகுதியும் ஒரே வேரில் அடங்கியிருப்பது தமிழுக்கு வாய்த்த நற்பேறு.

இலங்கை வழக்கும் இந்தச் சொல்லுக்குத் துணை நிற்கிறது. தமிழ்நாட்டில் தேர்ச்சி என்றால் பெரும்பாலும் பரீட்சையில் வெற்றி. நாமோ அதைச் ‘சித்தி’ என்கிறோம். திறமைச் சித்தி, சாதாரண சித்தி என்று பெறுபேற்றில் எழுதுகிறோம். அதனால் ‘தேர்ச்சி’ எமக்குப் பரீட்சையின் சுமையிலிருந்து விடுபட்டு, ஒன்றைச் செய்ய வல்ல நிலை என்ற பொருளில் நிற்கிறது. எமது பாடசாலைப் பாடத்திட்டங்கள் ‘தேர்ச்சி’, ‘தேர்ச்சி மட்டம்’ என்ற சொற்களை அப்பொருளிலேயே ஆள்கின்றன; அரச ஊழியர் மற்றைய அரசகரும மொழியில் அடைய வேண்டிய தகைமையும் ‘மொழித் தேர்ச்சி’ என்றே வழங்குகிறது. விளையாட்டில் ‘லெவல்’ என்பதற்கும் ‘மட்டம்’ என்னும் எமது பாடசாலைச் சொல்லையே கொள்ளலாம். ‘வினைத்திறன்’ என்பதைச் சிலர் முன்வைப்பர். ஆனால் அது குறைந்த முயற்சியில் கூடிய பயன் காண்பதைச் சொல்லும் சொல். வாள் பிடிக்க அறிந்தவரையும் அறியாதவரையும் அது பிரித்துக் காட்டாது.

‘பயிற்சி’, ‘பழகுதல்’ ஆகியவற்றைத் தள்ளுவதற்கு வேறு காரணம் உண்டு. கிழக்கிலே கூத்துப் பழகுகிறோம். தமிழரும் முஸ்லிம்களும் சிலம்படியும் சீனடியும் பழகினார்கள். பழகுதல் நடந்துகொண்டிருக்கும் செயலையே குறிக்கிறது; முடிந்த நிலையை அது சொல்வதில்லை. 250 நாட்களில் நடப்பது பழகுதல், 250 ஆவது நாளின் முடிவில் கிடைப்பது தேர்ச்சி. அதற்கும் மேலாக, ‘ஆயுதப் பயிற்சி’ என்னும் தொடரைப் போர்க்காலத்தை வாழ்ந்து கடந்த மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளில் இலேசாக உச்சரிக்க முடியாது. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் இருக்கும் ஊர்களில் அத்தொடருக்கு ஒரே பொருள்தான் உண்டு. கற்பனைக் கதையொன்றை ஆடும் பிள்ளைகள் முன்விறாந்தையில் இருந்து அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டிய தேவை ஏதும் இல்லை. அதைவிடச் சரியான சொல் இருக்கும்போது அறவே இல்லை.

‘ஆயுதம்’ வடமொழிவழி வந்து தமிழோடு கலந்துவிட்ட சொல். அதனிடம் எனக்குப் பகை இல்லை. இருந்தும் ‘படைக்கலம்’ இவ்விடத்துக்கு நன்கு பொருந்துகிறது. ‘படை’ என்பது பழந்தமிழில் சேனையையும் ஆயுதத்தையும் ஒருங்கே குறித்தது. ‘கலம்’ கருவியைக் குறித்து, அப்பொருள் மயக்கத்தை நீக்குகிறது. வாள், வேல், வில், கவண் என்னும் பழங்கருவிகளையே அச்சொல் நினைவூட்டுகிறது, துவக்கை நினைவூட்டுவதில்லை. கதை நிகழும் உலகத்துக்கு அதுவே வேண்டும்.

படைக்கலத்தைப் பெறுவதும் அதில் தேர்ச்சி பெறுவதும் வெவ்வேறு என்பதை எமது பக்கத்தில் எவருக்கும் நீட்டி விளக்கத் தேவையில்லை. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் பாரதக் கதை ஆண்டுதோறும் சடங்காக நிகழ்கிறது. அங்கே அருச்சுனனின் தவநிலையைக் கண்டவர்களுக்குப் பாசுபதத்தின் கதை தெரியும். சிவன் அவனுக்கு அதை எய்யும் முறையோடும் மீட்கும் முறையோடும் சேர்த்தே கொடுத்தார். அசுவத்தாமனுக்குப் பிரமாஸ்திரத்தை எய்யத் தெரிந்தது, மீட்கத் தெரியவில்லை. கர்ணன் கற்றிருந்தும், பரசுராமரின் சாபத்தால் வேண்டிய நேரத்தில் மந்திரம் மறந்து, தேர்ச்சியை இழந்தான். பெறுதல், குறையாகப் பெறுதல், இழத்தல் என்னும் மூன்றும் அங்கே இருக்கின்றன. மேலே பார்த்த தேர்ச்சி விதிகளில் இழத்தல் பேசப்படவில்லை. தமிழில் ஆடும் நடத்துநர் விரும்பினால் சாபத்தின் வழியாக அதைக் கொண்டுவரலாம்.

இலக்கணத்தில் ஒரு கவனம் தேவை. ‘வாளைத் தேர்ந்தார்’ என்றால் தெரிந்தெடுத்தார் என்றாகும். ‘வாளில் தேர்ந்தார்’ என்றாலே தேர்ச்சி பெற்றார் என்றாகும். வேற்றுமை உருபு மாறினால் விதியே மாறிவிடும். அதுபோலவே ‘புதிய படைக்கலத் தேர்ச்சி’ என்று எழுதினால், புதியது படைக்கலமா தேர்ச்சியா என்ற மயக்கம் எழுகிறது. ‘மேலதிகப் படைக்கலத் தேர்ச்சி பெறுதல்’ என்பது இன்னும் தெளிவானது. ‘மேலதிகம்’ எமது அன்றாடச் சொல்லும்கூட.

காரைதீவில் பிறந்து, 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை வகித்த விபுலாநந்த அடிகளின் மண்ணில், அறிவியலுக்குச் சொல் காண்பது கடமை, விளையாட்டுக்குச் சொல் காண்பது வீண் என்று எவரும் பிரிக்க வேண்டியதில்லை. பாத்திரத் தாளில் ‘படைக்கலத் தேர்ச்சி: எளியவை அனைத்தும், நெடுவாள், குறுவில்’ என்று எழுதலாம். ஏழாம் மட்டத்தில் ஒன்று சேர்ந்தால், அதன் கீழே ‘மேலதிகம்: வீச்சுவலை’ என்று குறித்துக்கொள்ளலாம். மேசையில் நடத்துநர் கேட்க வேண்டிய கேள்வி, ‘இதில் தேர்ச்சி உண்டா?’ என்பது. உண்டு என்றால் கூட்டெண்ணைச் சேர்த்துப் பகடையை உருட்டலாம்.