காலையில் டிரெயில் ஓட்டம், பிற்பகலில் ஓரியன்டியரிங்: நடுவில் குடிக்கும் தண்ணீர்

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதியில், காலையில் கோனிஸ்டன் பக்கத்து மலைப்பாதை ஒன்றில் டிரெயில் ஓட்டத்தை முடித்துவிட்டு, அதே நாள் பிற்பகலில் கிரைஸ்டேல் காட்டுக்குள் மேப்பும் காம்பஸுமாக ஓரியன்டியரிங் போட்டிக்கு, அதாவது மேப்பில் குறித்த இடங்களைத் தானே வழி கண்டு வரிசையாகத் தொட்டு வரும் ஓட்டத்துக்கு, இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுள் இப்போது நம்மவர்களையும் பார்க்கிறேன், பார்க்கப் பெருமையாகவும் இருக்கிறது. பயிற்சி உள்ளவர்களுக்கு ஒரே நாளில் இரண்டு போட்டி தாங்கக்கூடியதுதான். அதை வேண்டாமென்று சொல்ல இதை எழுதவில்லை. இரண்டு போட்டிகளுக்கும் நடுவில், தாகம் இருக்கிறதோ இல்லையோ, கடமையைப் போல லிட்டர் லிட்டராகக் குடித்துத் தீர்க்கப்படும் தண்ணீரைப் பற்றியே எழுதுகிறேன். அவசர சிகிச்சைப் பிரிவிலும் போட்டி முதலுதவிக் கூடாரங்களிலும் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்ட நிலையில், அண்மையில் இன்னொருவரை ஆம்புலன்ஸில் ஏற்ற நேர்ந்தது.

நாற்பதுகளில் இருப்பவர், வேறு விவரங்களைத் தவிர்க்கிறேன். ஓரியன்டியரிங்கில் ஒவ்வொரு கன்ட்ரோலிலும், அதாவது தொட்டு வர வேண்டிய ஒவ்வோர் இடத்திலும், ஒரு மின்னணுப் பெட்டி இருக்கும். விரலில் மாட்டியிருக்கும் கார்டை அதில் வைத்தால் நேரம் பதிவாகும். முடிவில் எல்லா நேரங்களும் ஒரு சீட்டில் அச்சாகி வரும். அவருடைய சீட்டில் முதல் நான்கு கன்ட்ரோல்களுக்கு ஆன நேரம் 4, 5, 4, 6 நிமிடங்கள். ஐந்தாவதற்கு 18, ஆறாவதற்கு 31. ஏழாவது பதிவே இல்லை. 'வழி தவறிவிட்டான், புதுக் காடு' என்று நண்பர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கூடாரத்துக்கு வந்தவர் மேப்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, முடிவுப் புள்ளி எங்கே என்று முடிவுப் புள்ளியில் நின்றே கேட்டார். இருமுறை வாந்தி எடுத்தார். மோதிரம் விரல் சதைக்குள் புதைந்து, சோப்பு போட்டும் கழற்ற வரவில்லை. உடனிருந்த மனைவி சொன்னது: "காலையிலேருந்து ஓடுறாரு டாக்டர், தண்ணி பத்தலை. ட்ரிப்ஸ் ஏத்துங்க, சரியாயிடும்." காலை ஓட்டம் முடிந்ததிலிருந்து பிற்பகல் தொடங்கும்வரை மட்டும் அவர் மூன்று லிட்டர் குடித்திருந்தார். மருத்துவமனையில் பார்த்தபோது அவருடைய ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 122 மில்லிமோல். 135-க்குக் குறையக் கூடாது.

அந்த அம்மையாரை நான் குறை சொல்ல மாட்டேன். ஓடியவர் மயங்கினால் தண்ணீர் குறைந்துவிட்டது என்றுதான் நம் வீடுகளில் எல்லோரும் நினைப்போம். சென்னையில் மே மாத வெயிலில் அந்த எண்ணம் பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் பதின்மூன்று டிகிரிக் குளிரில், தூறலில், மெதுவாக ஓடுகிற ஒருவருக்கு வியர்வையே சொற்பம். அந்த உடலுக்குச் சென்னை வெயிலின் அளவில் தண்ணீர் ஊற்றினால் அது எங்கே போகும்? ரத்தத்திலுள்ள சோடியத்தை நீர்க்கச் செய்கிறது. பிறகு செல்களுக்குள் புகுந்து அவற்றை வீங்க வைக்கிறது. விரல் வீங்கினால் மோதிரம்தான் இறுகும். மூளை வீங்கினால் அதற்கு விரிய இடமில்லை, மண்டையோடு விட்டுக்கொடுக்காது. தலைவலி, குமட்டல், குழப்பம், வலிப்பு, அதற்கு மேலும் போனால் உயிரிழப்பு.

இது புதிய செய்தியன்று. தென்னாப்பிரிக்காவின் சுமார் 90 கிலோமீட்டர் காம்ரேட்ஸ் ஓட்டம் போன்ற நெடுந்தூரப் போட்டிகளில் இவ்வாறு விழுந்த நால்வரைப் பற்றி டிம் நோக்ஸும் சக மருத்துவர்களும் 1985-இலேயே எழுதிவிட்டார்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்த ஆய்வு 2005-இல் வெளியானது. அவர்களில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடியவர்களும், நான்கு மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டவர்களுமே அதில் அதிகம் சிக்கினார்கள். வேகமாக ஓடுகிறவருக்குக் குடிக்க நேரமில்லை. மெதுவாகப் போகிறவர் ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நிற்கிறார். அதே மாரத்தானில் இளம்பெண் ஒருவர் இந்தக் காரணத்தாலேயே இறந்துபோனார். 2015-இல் கலிஃபோர்னியாவின் கார்ல்ஸ்பாடில் கூடிய வல்லுநர்கள் தாகத்தின் அளவுக்கே குடிக்க வேண்டும் என்று அறிவுறுத்தினார்கள். இத்தனைக்குப் பிறகும், 'தாகம் எடுக்கும் முன்பே குடித்துவிட வேண்டும், தாகம் வந்துவிட்டால் காலம் கடந்துவிட்டது' என்ற அறிவுரையை ஓட்டக் குழுக்களின் வாட்ஸ்அப்பில் வாரம் தவறாமல் படிக்கிறேன். தயவுசெய்து அதை அனுப்பாதீர்கள். ஆரோக்கியமான மனிதரின் தாக உணர்வு, ரத்தத்தின் செறிவு சிறிது மாறினாலே விழித்துக்கொள்ளக்கூடிய நுட்பமான ஏற்பாடு. போட்டி நாளில் அதை நம்பலாம்.

அடுத்த தவறான நம்பிக்கை, 'நான் வெறும் தண்ணீர் குடிக்கவில்லை, எலக்ட்ரோலைட் குடித்தேன்' என்பது. கடையில் கிடைக்கும் விளையாட்டுப் பானங்களில் சோடியம் லிட்டருக்கு ஏறக்குறைய 20 மில்லிமோல். உங்கள் ரத்தத்தில் இருப்பது 140. உலக சுகாதார நிறுவனத்தின் ஓ.ஆர்.எஸ். கரைசலில்கூட 75-தான். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. ஆகவே இவற்றில் எதை அளவுக்கு மீறிக் குடித்தாலும் ரத்தம் நீர்த்துத்தான் போகும். பானத்தின் நிறமும் விலையும் இந்தக் கணக்கை மாற்றுவதில்லை.

ஒரே நாளில் இரண்டு போட்டி என்னும்போது இது ஏன் கூடுதல் ஆபத்தாகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஓய்வில் இருக்கும்போது நல்ல சிறுநீரகங்கள் மணிக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர்வரை உபரி நீரை வெளியேற்றிவிடும். கடும் உழைப்பு, வலி, குமட்டல் ஆகியவை இருக்கும்வரை, நீரைப் பிடித்து வைக்கும் ஹார்மோன் சுரந்துகொண்டே இருப்பதால் அந்த வழி பாதி அடைபட்டுவிடுகிறது. ஒரே போட்டி என்றால் மாலைக்குள் உடல் தன்னைச் சரிசெய்துகொள்ளும். நீங்களோ அது முடியுமுன்பே மறுபடி ஓடக் கிளம்புகிறீர்கள். முழங்கால் வலிக்கு நடுவில் ஓர் ஐபுபுரோஃபெனோ டைக்ளோஃபெனாக்கோ போட்டுக்கொண்டால் சிறுநீரகத்தின் கை இன்னும் கட்டப்படுகிறது. மலை இறக்கத்தில் ஓடித் தொடைத் தசைகள் சிதைந்திருக்கும் நாளில் அந்த மாத்திரை சிறுநீரகத்தையே பழுதாக்கவும் கூடும். போட்டி நாளில் அந்த இரண்டு மாத்திரைகளையும் பைக்குள் வைக்கவே வேண்டாம். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் இரண்டாவது போட்டியை மறந்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்னொன்று: டிரெயில் ஓட்டத்தில் பாதை அடையாளமிடப்பட்டிருக்கும்; முன்னால் போகிறவரைப் பின்தொடரலாம், புத்தி சற்று மங்கினாலும் கால்கள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஓரியன்டியரிங்கில் மேப்பிலுள்ள சம உயரக் கோடுகளைப் படித்து, மேப்பைத் தரைக்கு ஒத்துத் திருப்பி, ஒவ்வொரு கன்ட்ரோலுக்கும் தானே வழி தேர்ந்தாக வேண்டும். ஆகவே மூளையின் தடுமாற்றம் அங்கேதான் முதலில் வெளிப்படும், அதுவும் யாரும் பார்க்காத காட்டுக்குள். எல்லோரும் வழி தவறுவதுண்டு. ஆனால் வழக்கமாகத் தெளிவாக வழி கண்டுபிடிப்பவர் எளிய தடத்திலேயே திரும்பத் திரும்பத் தவறினால், தலைவலியும் வயிற்றுப் பிரட்டலும் சேர்ந்திருந்தால், அது திறமைக் குறைவன்று, நோயின் அறிகுறி. அங்கேயே நில்லுங்கள், பக்கத்தில் வருகிற போட்டியாளரிடம் சொல்லுங்கள், விசிலை நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு மீண்டும் ஊதுங்கள். அடிபட்டவருக்காகத் தன் ஓட்டத்தை நிறுத்துவது இந்த விளையாட்டில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட விதி.

போட்டி நாளில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, 'எடை பார்த்தீர்களா?' என்பதே. வீட்டிலிருக்கும் குளியலறைத் தராசைக் காரில் போட்டுக்கொண்டு வாருங்கள். காலை ஓட்டத்துக்கு முன்பும் பின்பும், இரண்டாவது போட்டிக்கு முன்பும் அதே உடையில் ஏறி நில்லுங்கள். 70 கிலோ உள்ளவர் ஒன்று, ஒன்றரை கிலோ குறைந்து முடிப்பது இயல்பு. அதை அவசரமாக நிரப்பத் தேவையில்லை. தொடங்கியதைவிட எடை கூடியிருந்தால் குடிப்பதை நிறுத்துங்கள். தாராளமாகச் சிறுநீர் கழியும்வரை இரண்டாவது போட்டிக்குப் பெயர் கொடுத்த மேசைப் பக்கமே போகாதீர்கள். இடைவெளியில் உப்புப் போட்ட சாதம் சாப்பிடுங்கள், ஊறுகாயும் தயிர்சாதமும் போதும். வியர்வையில் நனைந்த சட்டையை உடனே மாற்றுங்கள். ஈரச்சட்டையோடு காரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு நடுங்கிக்கொண்டே காட்டுக்குள் போகிறவர்களையும் பார்க்கிறேன். 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாநிலத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் திடீர்க் குளிர்மழையில் 21 பேர் இறந்ததை மறக்க வேண்டாம். மழை அங்கி பைக்குள் இருக்கட்டும். வழக்கமாக நீளமான பிரவுன் தடம் ஓடுகிறவர் அன்றைக்கு அதைவிடக் குறுகிய கிரீன் தடம் எடுத்தால் மானம் போய்விடாது. பாதியில் விலகினாலும் முடிவுப் புள்ளிக்கு வந்து கார்டைக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் இருட்டும்வரை உங்களுக்காக மலை முழுவதும் தேடுவார்கள்.

காய்ச்சல் இருக்கும்போது ஓடாதீர்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பணம் கட்டிவிட்டேன் என்கிறார்கள். 1979 முதல் 1992 வரை ஸ்வீடனில் இளம் ஓரியன்டியரிங் வீரர்கள் 16 பேர் திடீரென இதயம் நின்று இறந்தார்கள். பலருடைய இதயத் தசையில் அழற்சி காணப்பட்டது. அந்த நாடு 1992-இன் இறுதியில் உயர்மட்டப் போட்டிகளைச் சில மாதங்கள் நிறுத்தியே வைத்தது.

முதலுதவிக்கு வரும் நண்பர்களுக்கு: குழம்பிய நிலையில் ஒருவர் வந்தால், வெப்பநிலையும் சர்க்கரையும் பாருங்கள், சோடியம் தெரியாமல் சாதாரண சலைன் ட்ரிப்ஸை ஏற்றிவிடாதீர்கள், நிலை மோசமாகலாம். சோடியம் குறைந்து மூளை பாதிக்கப்பட்டவருக்குத் தேவை 3 சதவீத உப்புச் செறிவுள்ள சலைன், 100 மில்லி, பத்து நிமிட இடைவெளியில் மூன்று முறைவரை. அதைப் பயிற்சி பெற்றவர்கள் கொடுக்கட்டும்.

குடும்பத்தாருக்கு: இங்கிலாந்தின் அவசர எண்ணான 999-ஐ அழைத்து, மலையிலோ காட்டிலோ என்றால் போலீஸையும், அவர்கள் வழியாக மலை மீட்புக் குழுவையும் கேளுங்கள். ஆம்புலன்ஸ் வந்ததும் நான்கு விஷயங்களைச் சொல்லுங்கள்: எத்தனை மணி நேரம் ஓடினார், மொத்தம் எவ்வளவு குடித்தார், என்ன மாத்திரை போட்டார், கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார். அவர்கள் வரும்வரை, குழம்பிக் கிடப்பவரின் வாயில் பாட்டிலை வைக்காதீர்கள்.