பாங்காக் போகிற சைவக்காரர்களே, மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினி கிடக்காதீர்கள்

போன வாரம், பாங்காக் டூர் போய் வந்த ஒரு அம்மா கிளினிக்கில் தன் கைப்பையை என் மேசையில் கொட்டிக் காட்டினார். பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் ஒன்று, டூர்காரர்கள் கொடுத்த நிகழ்ச்சித் தாள், மூக்குக் கண்ணாடிக் கூடு, ஒரு சர்க்கரை மாத்திரை அட்டை. அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஐந்து குழிகள் வரிசையாகக் காலி. காலை ஒன்று, ராத்திரி ஒன்று, ஒரு வேளைகூடத் தவறவில்லை. சாப்பாடு என்று பார்த்தால் மூன்று நாளில் உருப்படியாக இரண்டே வேளை.

வயது 61, சர்க்கரை வந்து பதினான்கு வருடம், பிறந்ததிலிருந்து சைவம். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.) மூன்றாம் நாள் காலை ஓட்டல் பஃபேயில் ஆம்லெட்டுக்கும் பன்றி இறைச்சிக்கும் ஒரே இடுக்கியைப் போட்டு எடுப்பதைப் பார்த்திருக்கிறார். பக்கத்தில் இருந்த ரொட்டியைத் தொடக்கூட மனசு ஒப்பவில்லை. இரண்டு துண்டு தர்பூசணி, ஒரு காபி. மாத்திரை அதற்கு முன்பே உள்ளே போயாகிவிட்டது. அப்புறம் அரண்மனை, வாட் போ கோயில் என்று வெயிலில் மூன்று மணி நேர நடை. மதியம் ஆற்றங்கரை ஓட்டலில் வந்த காய்கறி சூப்பில் சுண்டுவிரல் நகம் அளவு காய்ந்த இறால் ஒன்று மிதந்தது, ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார். மூன்று மணிக்குப் படகுத்துறையில் கணவரிடம் காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தார், கைப்பையைத் தூக்கி எறிந்தார், உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்தார். வெயில் தாங்கவில்லை என்று சுற்றி நின்றவர்கள் தலையில் தண்ணீர் தெளித்து விசிறியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரை 38.

எனக்கு இந்த வருடம் இது நான்காவது கேஸ். 2023 நவம்பரில் தாய்லாந்து நமக்கு விசா வேண்டாம் என்று சொன்னதிலிருந்து ரிட்டயர் ஆனவர்கள் கூட்டம் கூட்டமாகப் போய் வருகிறார்கள். போகட்டும், நல்ல ஊர், நல்ல ஜனங்கள். நானும் சைவம்தான், இரண்டு முறை போயிருக்கிறேன், ஒரு வேளைகூடப் பட்டினி கிடந்ததில்லை. "உயிருக்கு ஆபத்து என்றால் கறியைச் சாப்பிட்டுத் தொலைய வேண்டியதுதானே" என்று அந்த டூரில் யாரோ அவரிடம் சொன்னார்களாம். அதைக் கேட்டு எனக்கே கோபம் வந்தது. யாரும் கொள்கையை விட வேண்டியதில்லை. பாங்காக்கில் சைவமாகவே வயிறு நிறையச் சாப்பிடலாம். வயிறு காலியாக இருக்கும்போது மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு கிளம்பக் கூடாது, அவ்வளவுதான் நான் சொல்வது.

நான்கு பேரிடமும் ஒரே பதில்தான். "விரதம் இருந்து பழகின உடம்பு மேடம், ரெண்டு மூணு நாள் தாங்கும்." இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், எங்கள் கிளினிக் சுவரில் எழுதி ஒட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இருபத்தைந்து வயதில் ஏகாதசி இருந்தீர்கள் என்றால், அப்போது உங்கள் கணையத்தை விரட்ட உள்ளே எந்த மாத்திரையும் இல்லை. சாப்பிடாவிட்டால் இன்சுலின் தானாகக் குறையும், ஈரல் சேமித்து வைத்த சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் விடும், உடம்பு சமாளித்துக்கொள்ளும். இன்றைக்கு நீங்கள் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை போடுகிறீர்கள். நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது, கணையத்தைப் பிடித்து இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும், ஏறக்குறைய நாள் முழுக்க. விரத நாளில் வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்றும் நினைத்துப் பாருங்கள். ஃபேனுக்கடியில் உட்கார்ந்திருப்பீர்கள், தலை சுற்றினால் பத்தடியில் அடுப்படி, பாலும் பழமும் கைக்கெட்டும் தூரம். அங்கே மொழி தெரியாத ஊர், ஏப்ரல் வெயில், பதினைந்தாயிரம் காலடி நடை. அது விரதம் இல்லை. தயவுசெய்து இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசாதீர்கள்.

"மாத்திரையை விட்டால் சர்க்கரை எகிறிவிடுமே" என்ற பயம் அடுத்தது. ஒரு வேளை 220க்கு ஏறினால் ராத்திரிக்குள் சரிசெய்துவிடலாம், 38க்கு இறங்கினால் அரை மணி நேரம்கூடக் கையில் இருக்காது. கிளிமிபிரைடு, கிளிக்கிளசைடு, கிளிபென்கிளமைடு, சாப்பாட்டு இன்சுலின் போன்றவைதான் சர்க்கரையைக் கீழே தள்ளுபவை. மெட்ஃபார்மினோ கிளிப்டின் வகையோ தனியாக எடுத்தால் அந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனால் நம் ஊரில் தனியாக யார் எடுக்கிறோம், ஒரே மாத்திரைக்குள் இரண்டு மூன்று மருந்து சேர்ந்துதான் வருகிறது. அதனால் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள், இல்லை எங்களிடம் காட்டிக் கேளுங்கள். சாப்பாடு தட்டில் வந்து, இதைச் சாப்பிட முடியும் என்று கண்ணால் பார்த்த பிறகு மாத்திரை போடுங்கள். சாப்பாடு இல்லை என்றால் அந்த வேளை அந்த மாத்திரை இல்லை. ராத்திரி போடும் நீண்ட நேர இன்சுலினையும், டைப் 1 உள்ளவர்கள் எந்த இன்சுலினையும், தாங்களாக நிறுத்தக் கூடாது. எவ்வளவு குறைப்பது என்று கிளம்பும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, அங்கே என்னதான் சாப்பிடுவது? முதலில் "நோ மீட்" என்று சொல்வதை நிறுத்துங்கள். தாய்லாந்து மொழியில் இறைச்சிக்கு "நுவா" என்பார்கள், ஓட்டலில் அந்தச் சொல்லுக்கு மாட்டிறைச்சி என்றுதான் அர்த்தம். நுவா வேண்டாம் என்றால் பாவம், நல்ல மனசோடு கோழியோ பன்றியோ போட்டுத் தருவார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை, நீங்கள் சொன்னதைத்தான் செய்தார்கள். "மங்சவிரத்" என்றொரு சொல் உண்டு, நம் காதில் மாம்சம், விரதம் என்று கேட்கும். அதைச் சொன்னால் கறி வராது, ஆனால் முட்டை வரலாம், மீன் சாஸ் கைப்பழக்கத்தில் விழுந்துவிடும். அந்த ஊர்ச் சமையலில் நாம் உப்பு போடும் இடத்தில் மீன் சாஸ். அதற்கு அங்கே "நாம் ப்ளா" என்று பெயர். கீரை வதக்கலில் சிப்பி சாஸ், பச்சைக் குழம்பின் அரைத்த விழுதில் கபி என்ற இறால் விழுது, பப்பாளிக்காய் சாலட்டில் காய்ந்த இறால். தட்டைப் பார்த்தால் காய்தான் தெரியும். இறால் ஒவ்வாமை இருப்பவர்களுக்கு இது கொள்கைப் பிரச்சினையே இல்லை, மூச்சுத் திணறும் பிரச்சினை.

நீங்கள் சொல்ல வேண்டிய சொல் "ஜே". சீன வழிப் பௌத்தர்களின் சைவம் அது. கறி, மீன், முட்டை, பால், மீன் சாஸ் எதுவும் கிடையாது, பூண்டு வெங்காயமும் கிடையாது. பெண்கள் "சன் கின் ஜே கா" என்றும் ஆண்கள் "போம் கின் ஜே க்ரப்" என்றும் சொன்னால் போதும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து போட்ட கடையைத் தேடுங்கள், எழுத்து கிட்டத்தட்ட 17 என்ற எண் மாதிரி இருக்கும். செவன் லெவன் கடையில் பாக்கெட்டுகளிலும் அதே எழுத்து உண்டு. செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ ஒன்பது நாள் ஜே திருவிழா வரும், அப்போது யாவ்ராட் சீனக் கடைத்தெரு முழுக்க இந்தக் கொடிதான். தேதியை மாற்ற முடிகிறவர்கள் அந்த நாட்களில் போகலாம்.

ஜே கடையில் ஒரு விஷயம். தட்டில் பன்றித் துண்டு மாதிரியே, வாத்துத் தோல் மாதிரியே ஒன்று இருக்கும். சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்தது. இதைப் பார்த்துவிட்டுத்தான் அந்த அம்மா இரண்டாம் நாள் ராத்திரி எழுந்து வந்திருக்கிறார். புரதம் இருக்கிற ஒரே தட்டை விட்டுவிட்டு அறைக்கு வந்து மாம்பழமும் தேங்காய்ப்பால் ஒட்டரிசிச் சோறும் சாப்பிட்டுப் படுத்தாராம். அன்று ராத்திரி எகிறியிருக்கும், மறுநாள் கீழே விழுந்தார். கண்ணுக்குப் பிடிக்கவில்லை என்றால் வெறும் டோஃபுவைக் காட்டிக் கேளுங்கள், கொடுப்பார்கள்.

வெறும் சோறு எங்கேயும் கிடைக்கும், "காவ் ப்ளாவ்" என்று கேளுங்கள். வீட்டிலிருந்து புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை கொண்டுபோங்கள் (புளிக்காய்ச்சலைக் கைப்பெட்டியில் வைக்காதீர்கள், செக்யூரிட்டியில் எடுத்துவிடுவார்கள்). ஊறவைத்த அவலும் கடலையும் ஓட்டல் அறையிலேயே ஒரு காலை உணவு. சீலோம் தெருவில் 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது, அந்தப் பக்கம் நம் சாப்பாடு கிடைக்கும். பாஹுரட்டில் இந்தியக் கடைத்தெருவும் குருத்வாராவும் உண்டு. ஆனால் இவை எல்லாம் ஒரு மூலையில், நீங்கள் அரண்மனை வாசலில் நிற்கும்போது உதவாது. டூர்காரர்கள் "இந்திய உணவு உண்டு" என்றால் எந்த வேளைக்கு என்று கேளுங்கள். அந்த அம்மாவின் தாளில் ராத்திரிக்கு மட்டும்தான் போட்டிருந்தது, அதுவும் எட்டரை மணிக்கு மேல்.

கூடப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சர்க்கரை இறங்கினால் நடுக்கம், படபடப்பு வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். பிரஷருக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்களுக்கு அது தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் மறையாது, பாங்காக்கில் எல்லோருக்கும் வியர்ப்பதால் அதையும் வெயில் கணக்கில் எழுதிவிடுகிறோம். வயதானவர்களுக்கு முதலில் மாறுவது பேச்சும் குணமும்தான். "ஏன் இப்படிக் கத்துறா"ன்னு எனக்குக் கோபம்தான் வந்தது மேடம் என்று அந்த அம்மாவின் கணவர் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தேகம் வந்தால் விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள், மீட்டர் இல்லை என்றால் பார்க்காமலே குளுக்கோஸ் கொடுங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் மறுபடி கொடுங்கள். சாக்லேட் வேண்டாம், கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். வோக்லிபோஸ் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வீட்டுச் சர்க்கரையும் நேரத்துக்கு உதவாது, குளுக்கோஸ்தான் வேண்டும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போகும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 1669க்குப் போன் செய்யுங்கள், அது தாய்லாந்து ஆம்புலன்ஸ். ஆங்கிலத்தில் பேச ஆள் வேண்டும் என்றால் சுற்றுலா போலீஸ் 1155.

எழுந்து உட்கார்ந்ததும் "நல்லாயிட்டேன், சாயங்காலம் மார்க்கெட் போகலாம்" என்பார்கள். விடாதீர்கள். இந்த மாத்திரைகளால் இறங்கிய சர்க்கரை சில மணி நேரம் கழித்து மறுபடி இறங்கலாம், கிட்னி பலவீனமாக இருந்தால் கட்டாயம் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

டிக்கெட் போட்டதும் உங்கள் டாக்டரைப் பாருங்கள், கிளம்பும் முதல் நாள் ராத்திரி வாட்ஸாப்பில் கேட்காதீர்கள். வரும்போது மாத்திரை அட்டைகளோடு டூர் நிகழ்ச்சித் தாளையும் கொண்டுவாருங்கள். எந்த வேளைக்கு எங்கே சாப்பாடு என்று பக்கத்தில் வைத்துக்கொண்டு மாத்திரையை எழுதித் தருகிறோம், பத்து நிமிட வேலை.