வாஷிங் மெஷினுக்கு அடியில் சாக்கு மடித்து வைக்காதீர்கள்

சென்ற வாரம் செட்டிநாட்டில், கானாடுகாத்தான் பக்கத்தில் பழுது பார்க்கப் போன ஒரு வீட்டின் மூன்றாம் கட்டுப் பகுதியில் நான் பார்த்த ஃப்ரண்ட் லோடு மெஷின், சக்கரம் வைத்த இரும்பு ஸ்டாண்டின் மேல் நின்றுகொண்டிருந்தது. ஸ்டாண்டுக்கு அடியில் நான்காக மடித்த சாக்கு, சாக்குக்கு அடியில் ரப்பர் மிதியடி, மெஷினின் தலைமேல் ஓர் அம்மிக் குழவி. “ரொம்ப அதிருது தம்பி, பாரம் வச்சா அடங்கும்னு சொன்னாக” என்றார் அந்த வீட்டு ஆச்சி. கதவைத் திறந்து, டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தேன். ‘டக்’ என்று ஒரு விரல் கனத்துக்கு ஆடியது. பின்பக்கத் தகட்டைக் கழற்றியபோது, நடுவிலிருந்து கீழ்நோக்கித் துரு கலந்த பழுப்புக் கோடு வழிந்து காய்ந்திருந்தது. தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் போய், அதன் வழியாகத் தண்ணீர் இறங்கி, டிரம்மின் அச்சைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்கைத் தின்று, கடைசியில் அந்த அச்சையும் (ஷாஃப்ட்) அரித்துவிட்டது. இரைச்சல் தொடங்கி ஆறு மாதம் ஆயிற்றாம். அன்றே அழைத்திருந்தால் பேரிங்கும் சீலும் மாற்றியிருந்தாலே போதும். இப்போது டிரம்மைத் தாங்கும் மூன்று கை ஸ்பைடரையும் சேர்த்து மாற்ற வேண்டியதாயிற்று.

இந்த மாதத்தில் இப்படி நான்காவது வீடு. நான்கிலும் சத்தத்தை அடக்கப் பாடுபட்டிருக்கிறார்களே தவிர, அது எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. ஆகவே சலிப்போடுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் குழவி விஷயம். மெஷினுக்குள் ஏற்கெனவே பாரம் இருக்கிறது. செய்தவர்களே கான்கிரீட்டில் வார்த்த பெரிய கட்டிகளை உள்ளே போல்ட் போட்டு முடுக்கித்தான் அனுப்புகிறார்கள். ஃப்ரண்ட் லோடு மெஷினைத் தூக்க இரண்டு ஆள் தேவைப்படுவது அதனால்தான். ஆனால் அந்தக் கட்டிகள் முடுக்கப்பட்டிருப்பது டிரம்மைச் சூழ்ந்திருக்கும், தான் சுற்றாத வெளித்தொட்டியோடு; நாம் வெளியே காணும் தகரப் பெட்டியோடு அன்று. தொட்டியோ ஸ்பிரிங்கில் தொங்கி, ஷாக் அப்சார்பரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. பெட்டியின் தலையில் குழவியை வைத்தால் அந்தப் பாரம் பெட்டியோடு நின்றுவிடும். ஆடும் தொட்டிக்கு அது போய்ச் சேராது. கணக்குப் போட்டே காட்டுகிறேன். ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் விட்டமுள்ள டிரம் நிமிடத்துக்கு 1,200 சுற்று சுற்றும்போது, அரைக் கிலோ ஈரத்துணி ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டால், அது வெளிப்பக்கம் இழுக்கும் விசை ஏறத்தாழ 190 கிலோ பாரத்துக்குச் சமம். இதை ஐந்து கிலோக் குழவி என்ன செய்துவிடும்? இந்தத் தொல்லைக்காகத்தான் இப்போதைய மெஷின்கள் வேகம் பிடிப்பதற்கு முன்பே துணி ஒதுங்கியிருக்கிறதா என்று பார்த்து, ஒதுங்கியிருந்தால் கலைத்துப்போட்டு மறுபடியும் முயல்கின்றன. பிழியும் நேரம் நீண்டுகொண்டே போவதைப் பார்த்து, மெஷின் மக்கர் செய்கிறது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

அடுத்தது ஸ்டாண்டு. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் கீறல் விழுந்துவிடும் என்ற அச்சம் நியாயமானது. அதற்காகச் சக்கரத்தின் மேல் மெஷினை ஏற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கெட்டியான தரையில் நான்கு காலும் ஊன்றி நிற்கும் மெஷின் அதிர்வைத் தரைக்குக் கொடுத்துவிடும். சக்கரமும் மெல்லிய இரும்புக் குழாயும் இடையில் வந்தால் ஸ்டாண்டே சேர்ந்து ஆடி அதிர்வைப் பெருக்கும். மெத்தென்ற சாக்கும் தெர்மாகோலும் அப்படித்தான். ஒரு கால் அதிகமாக அமுங்கி, மட்டம் போய்விடும். தரை வழுக்கினால் காலுக்கு ஒன்றாக மெல்லிய, கெட்டியான ரப்பர் வட்டு போதும்.

நம் பக்கத்து வீடுகளில் இன்னொன்று உண்டு. முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தையும் பின்கட்டையும் மழைத்தண்ணீர் ஓடுவதற்காக வாட்டம் கொடுத்துத்தான் கட்டியிருப்பார்கள். கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும். ரசமட்டத்தை வைத்தால் குமிழி ஒரு பக்கம் ஓடிவிடும். ஆகவே மெஷினின் தலையில் ரசமட்டத்தை நீளவாக்கில் ஒரு முறையும் குறுக்குவாக்கில் ஒரு முறையும் வைத்துப் பாருங்கள். பிறகு எதிரெதிர் மூலைகளைக் கையால் அழுத்துங்கள். ஆடினால் ஒரு கால் தரையைத் தொடவில்லை என்று பொருள். காலைத் திருகி மட்டம் பார்த்தபின், மேலிருக்கும் லாக் நட்டைப் பெட்டியோடு சேர்த்து ஸ்பானரால் இறுக்க வேண்டும். பெரும்பாலானோர் இந்தக் கடைசி வேலையை விட்டுவிடுகிறார்கள்; பத்து முறை துவைப்பதற்குள் கால் தானாகவே சுழன்று இறங்கிவிடுகிறது.

மெஷின் வந்த முதல் நாளே குதித்தால், பின்பக்கம் டிரான்சிட் போல்ட் கழற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வழியில் தொட்டி ஆடாமலிருக்கப் போட்டு அனுப்பும் நீண்ட போல்ட்கள் அவை. கழற்றிய பிறகு தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஓய்வு பெற்றுச் சென்னையிலிருந்து ஊருக்குத் திரும்புகிறவர்கள், அந்தப் போல்ட்களைப் பூட்டாமல் மெஷினை லாரியில் ஏற்றி, காரைக்குடி வந்து சேர்வதற்குள் ஷாக் அப்சார்பரை முறித்துவிடுகிறார்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் சத்தம் வருகிறது என்றால், எந்தக் கட்டத்தில் வருகிறது என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். தண்ணீர் வெளியேறும்போது மட்டும் கடகடவென்றால் கீழே இருக்கும் ஃபில்டரில் சில்லறையோ ஊக்கோ கிடக்கிறது. பிளக்கைப் பிடுங்கி, தண்ணீரை வடித்துவிட்டு, ஒரு தாம்பாளத்தை வைத்து, நீங்களே திறந்து எடுத்துவிடலாம்; சுடுதண்ணீரில் துவைத்திருந்தால் ஆறட்டும். வேகம் ஏறும்போது கிறீச்சென்றால் பெல்ட். பிழியத் தொடங்கும்போது மட்டும் தடதடவென்று இடித்தால் துணி ஒதுங்கல். அது எப்போதும் நடந்தால் ஷாக் அப்சார்பர். டாப் லோடாக இருந்தால் தொட்டியின் ஓரத்தைக் கீழே அழுத்தி விடுங்கள். ஒரே ஆட்டத்தில் நிற்க வேண்டும். ஊஞ்சல்போல ஆடிக்கொண்டே இருந்தால் அதைத் தாங்கும் கம்பிகள் தளர்ந்துவிட்டன. வேகத்தோடு சேர்ந்து ஏறி, உச்சத்தில் விமானம் புறப்படுவதுபோல் இரைந்தால் அது பேரிங். துணியில்லாமல் டிரம்மைக் கையால் சுற்றினால், மாவு திரிக்கும் கல்லைப் போன்ற கரகரப்பு விரலிலேயே தெரியும்.

பேரிங் இரைகிறது என்று தெரிந்தால் அன்றோடு மெஷினை நிறுத்திவிடுங்கள். “இந்த விசேஷம் முடியட்டும்” என்று ஓட்டாதீர்கள். படைப்பு, சாந்திக் கல்யாணம் என்று வீடு நிறைந்திருக்கும் நாட்களில்தான் என்னை அவசரமாக அழைக்கிறார்கள். போய்ப் பார்த்தால் உள்ளே ஒற்றை ஜமக்காளம் நனைந்து, உருண்டு, பிள்ளையார்போல ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கும். ஜமக்காளத்தை மெஷினில் போடவே கூடாது. கிணற்றடியில் கல்லில் துவைத்த பொருள் அது.

பின்பக்கத் துளை வழியாகத் தேங்காய் எண்ணெய் விடுவதும் வேண்டாம். பேரிங் மூடியிட்டது, எண்ணெய் அதற்குள் போகாது, பெல்ட்டில் பட்டு அதை வழுக்க வைக்கும். எங்கள் தொழிலிலும் பழியில்லாமல் இல்லை. பேரிங்கை மட்டும் மாற்றிவிட்டு, பழைய சீலையே திரும்பப் போட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வேலை சில மாதங்களில் மறுபடியும் இரையும். இரண்டும் புதிதா என்று கேளுங்கள், பழையவற்றைக் கையில் வாங்கிப் பாருங்கள். சில மாடல்களில் தொட்டியின் இரு பாதிகளையும் ஒட்டியே அனுப்பிவிடுகிறார்கள். அவற்றில் முழுத் தொட்டியைத்தான் மாற்ற வேண்டியிருக்கும். மெஷின் பத்து வயதைத் தாண்டியிருந்தால், அந்தச் செலவு வேண்டாம் என்று நானே சொல்லிவிடுவேன்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு வருடத்துக்கு இரண்டு முறை வீட்டைத் திறக்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பூட்டிப் போகுமுன் குழாயை அடைத்து, ஃபில்டரில் நிற்கும் தண்ணீரை வடித்து, கதவைச் சற்றே திறந்து வையுங்கள். அடிப்பக்கம் திறந்திருக்கும் மெஷினுக்கு எலி நுழையாத தட்டு போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே குடியிருந்து பெல்ட்டையும் ஒயரையும் கடித்து வைத்த எலிக் குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மின்சாரத்தில் மட்டும் கைவைக்காதீர்கள். தகட்டைக் கழற்றுவதற்கு முன் பிளக் வெளியே இருக்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால், மோட்டார் பக்கத்து வேலையை எங்களிடமே விடுங்கள். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும், அதற்குப் பின்னால் எர்த் ஒயர் இருக்காது. ஈரத்தரையில் வெறுங்காலோடு மெஷினைத் தொடும்போது சுருக்கென்று பிடித்தால், சத்தத்தை விட்டுவிட்டு முதலில் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் போடச் சொல்லுங்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்களை அழைக்கும்போது “சத்தம் வருது” என்று மட்டும் சொல்லாமல், எந்தக் கட்டத்தில், எத்தனை நாளாக என்று சொல்லுங்கள்; முடிந்தால் கைபேசியில் பிடித்து அனுப்புங்கள். நாங்கள் வருவதற்குள் மெஷினை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, சாக்கையும் மிதியடியையும் உருவி வையுங்கள். அந்த வீட்டில் அதற்கே எனக்கு அரைமணி நேரம் போயிற்று.