ரத்த ஓட்டத்தில் பிடித்து நிற்பது எப்படி?

காலில் முள் குத்தினால் அந்த இடம் சீழ் பிடிக்கிறதே, ரத்தத்தோடு ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளையணு சரியாக அங்கே எப்படி இறங்குகிறது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

இடம் தெரிவது எளிது. கிருமி புகுந்ததும் பக்கத்துச் சிறு ரத்தக்குழாயின் உட்சுவரில் பி-செலக்டின் என்ற புரதம் சில நிமிடங்களில் தலைகாட்டும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவின் மேலுள்ள இன்னொரு புரதம் அதில் ஒட்டிக்கொள்ளும். சரி, ஒட்டியாகிவிட்டது. இழுத்துக்கொண்டு போகும் ரத்தத்தை எதிர்த்து எப்படி நிற்பது? எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

நியூட்ரோஃபிலின் மேற்சவ்வு மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருக்கும். ஒட்டிய புள்ளி பின்தங்க, செல் முன்னே உருள, அந்த மடிப்பிலிருந்து சவ்வு நூலாக நீளும். ஆற்றில் போகும் படகைக் கரை மரத்தோடு கட்டிய கயிறு போல அது செல்லைப் பின்னுக்கு இழுத்து வேகத்தைக் குறைக்கும். மனித நியூட்ரோஃபில்களிலேயே இந்த நூலைப் பார்த்திருக்கிறார்கள்.

நூல் அறுந்தால்? சில சமயம் அறுவதும் உண்டு; மற்றபடி சுவரிலிருந்து பிடி விடும், அவ்வளவுதான். அப்போது அது உடனே சுருங்கிவிடும் என்றுதான் யாரும் நினைப்போம். கலிபோர்னியாவின் லா ஹோயாவில் நோயெதிர்ப்பு ஆய்வாளர் கிளவுஸ் லேயின் குழு எலியின் நியூட்ரோஃபில்களில் பார்த்து 2012-இல் வெளியிட்டது வேறு கதை. பிடி விட்ட நூலை ரத்த ஓட்டமே செல்லைத் தாண்டி முன்னால் கொண்டுபோய்ப் போடுகிறது. சுமார் 8 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலச் செல்லுக்கு 16 மைக்ரான் வரை நீளும் நூல். அதில் அங்கங்கே ஒட்டும் புரதத் திட்டுகள். செல் அதன்மேல் உருண்டு வர, திட்டுகள் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரேயடியாக அல்லாமல் ஒவ்வொன்றாகவே பிடி விடுகின்றன. தள்ளிவிடப் பார்க்கும் ஓட்டமே அடுத்த பிடியைப் போட்டுக் கொடுக்கிறது!

ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணு எண்ணிக்கை கூடினால் எதிர்ப்பு சக்தி கூடிவிட்டது என்று சொல்லி லேகியம் விற்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்: எண்ணிக்கை மட்டும் போதாது, பிடித்து நிற்கவும் வேண்டும். 1992-இல் இஸ்ரேலில் இரண்டு சிறுவர்களிடம் ஒரு பிறவிக் குறைபாடு கண்டறியப்பட்டது. அவர்கள் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் ஏராளம். ஆனால் ஒட்டும் புரதத்துக்கு வேண்டிய ஃபியூகோஸ் என்ற சர்க்கரை அதில் சேரவில்லை. செலக்டினைப் பிடிக்க முடியாமல் வெள்ளையணுக்கள் ஓட்டத்தோடு போய்விட, திரும்பத் திரும்பத் தொற்று வந்தது, சீழ் மட்டும் கட்டவில்லை; வெள்ளையணுக்கள் வந்து குவிந்தால்தானே சீழ். பின்னாளில் இதே குறைபாடுள்ள சிலருக்கு ஃபியூகோஸை வாய்வழியே கொடுத்தபோது தொற்று குறைந்தது.