கணினியே இல்லாத கேம் பெட்டி: ஒடிசி ஓடிய விதமும் விற்ற கணக்கும்

"டிவியில் ஆடிய முதல் கேம் பெட்டியில் பிராசசரும் இல்லை, மெமரியும் இல்லை என்கிறார்களே, அப்புறம் பந்தை நகர்த்தியது எது?" வாசகர் ஒருவரின் கேள்வி இது.

அவர் சொல்லும் பெட்டி, மேக்னவாக்ஸ் என்ற அமெரிக்க டிவி கம்பெனி விற்ற 'ஒடிசி'. 1972 செப்டம்பரில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது, விலை 99.95 டாலர். உள்ளே இருந்தவை சுமார் 40 டிரான்சிஸ்டர்கள், 40 டயோடுகள். சத்தம், வண்ணம், ஸ்கோர் எதுவும் கிடையாது. திரையில் தெரிவது மூன்று வெள்ளைச் சதுரங்களும் (இரண்டு மட்டைகள், ஒரு பந்து) நடுவில் ஒரு கோடும்தான்.

பழைய பிக்சர் டியூபில் எலெக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக, வரி வரியாகத் திரையை நிரப்பும் என்பது பள்ளிப் பாடம். அமெரிக்க முறையில் ஒரு வரிக்கு 63.5 மைக்ரோ விநாடி. அதில் கண்ணுக்குத் தெரியும் பகுதி சுமார் 52. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் 'புது வரி' என்று ஒரு துடிப்பு போகும். விநாடிக்கு 60 முறை 'மறுபடி மேலிருந்து' என்று இன்னொரு துடிப்பு.

ஒடிசியின் சூட்சுமம் இந்த இரண்டு துடிப்புகளில் இருக்கிறது. விசில் கேட்டதும் மனசுக்குள் எண்ணி, சரியான எண்ணில் கை தட்டுகிற மாதிரி ஒரு சர்க்யூட். வரித் துடிப்பு வந்து சுமார் 35 மைக்ரோ விநாடி கழித்து ஒரு குறுந்துடிப்பு எழுந்தால், அது திரையின் அகலத்தில் நடுவே விழும். 20 என்றால் இடப்பக்கம், 50 என்றால் வலப்பக்கம். அந்தத் தாமதத்தைத் தீர்மானிப்பது, மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர் என்ற பாகம் நிரம்பும் வேகம். ஆட்டக்காரர் திருகும் குமிழ் அதை மாற்றுகிறது. மேல்கீழ் நகர்வுக்கும் இதே ஏற்பாடு, அளவு மட்டும் மில்லி விநாடியில்.

தனியாக விட்டால் முதல் துடிப்பு ஒரு நெட்டுக்கோடு வரையும், இரண்டாவது ஒரு படுக்கைப் பட்டை போடும். இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தால் மட்டும் வெளிச்சத்தை விடு என்று டயோடுகளால் ஒரு கேட் கட்டினால், வெட்டும் இடத்தில் ஒரு சதுரம் மிஞ்சும். 40 செ.மீ. அகலத் திரையில் 2 மைக்ரோ விநாடி துடிப்பு ஒன்றரை செ.மீ. சதுரத்தைத் தரும். படத்தை எங்கேயும் சேமித்து வைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக, நேரம் பார்த்துப் போடுகிறார்கள். எனக்கு இதைவிட அழகான சர்க்யூட் தெரியாது.

பந்து மட்டையில் பட்டதைக் கண்டுபிடிப்பதும் அப்படியே. பந்துத் துடிப்பும் மட்டைத் துடிப்பும் ஒரே கணத்தில் வந்தால் இன்னொரு கேட் திறக்கும். ஃபிளிப்-ஃபிளாப் என்ற, இரண்டு நிலைகளில் ஒன்றில் நிற்கும் சர்க்யூட் மறு நிலைக்குப் புரளும். பந்தின் கெப்பாசிட்டர் எதிர்த்திசையில் நிரம்பத் தொடங்கும். பந்து திரும்பிவிட்டது!

ஆட்டத்தை மாற்றப் பெட்டியில் செருகும் கார்டுகளிலும் புரோகிராம் கிடையாது. அவை இணைப்பு ஒயர்கள் மட்டுமே. எந்தக் கேட்டை எதோடு சேர்ப்பது என்பதை மாற்றும். தனி சுவிட்சும் இல்லை, கார்டைச் செருகினால்தான் மின்சாரம் பாயும். ஆட்டம் முடிந்து கார்டை உருவ மறந்தால் ஆறு பேட்டரிகளும் தீர்ந்துவிடும். பழைய பெட்டிகளில் கெப்பாசிட்டர் மதிப்பு 5 சதவீதம் பிசகினாலே சதுரம் ஏறத்தாழ தன் அகலத்துக்குத் தள்ளி நிற்கும். மைதானம், வலை எல்லாம் டிவி கண்ணாடியில் ஒட்டும் வண்ணப் பிளாஸ்டிக் தாள்கள். பிக்சர் டியூபின் நிலைமின்சாரம் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். எல்சிடி திரையில் நிற்காது.

இதை உருவாக்கிய ரால்ஃப் பேயர், நியூ ஹாம்ப்ஷயரில் சாண்டர்ஸ் என்ற ராணுவ மின்னணு நிறுவனத்தின் பொறியாளர். 1966-இல் அங்கே அவருக்குக் கிடைத்தது 2,500 டாலர்: ஆள் கூலிக்கு 2,000, சாமானுக்கு 500. பயன் என்ன என்று முதல் நாளே விண்ணப்பத்தில் கேட்கும் குழுக்கள் இதற்கு ஒரு பைசா தந்திருக்காது. இப்படிச் சில்லறையாகக் கொடுக்கும் பணம் எல்லா ஆய்வகத்திலும் ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் கட்சி.

சாண்டர்ஸிடம் உரிமம் வாங்கி ஒடிசியைத் தயாரித்தது மேக்னவாக்ஸ். விற்பனை? 1972 இறுதிக்குள் 69,000 என்று ஒரு கணக்கு, ஒரு லட்சம் என்று இன்னொன்று. மேக்னவாக்ஸ் முகவர் கடைகளில் மட்டுமே கிடைத்ததால், அந்த கம்பெனி டிவியில்தான் ஓடும் என்று பலர் நினைத்தார்கள்; விலையும் அதிகம். பிறகு அட்டாரி என்ற கேம் கம்பெனியின் 'பாங்' (திரையில் ஆடும் டேபிள் டென்னிஸ்) பிரபலமாக, அதேபோன்ற ஆட்டத்தை வீட்டில் ஆட விரும்பியவர்கள் ஒடிசியை வாங்கினார்கள். இத்தனைக்கும் பாங் வெளிவருவதற்குச் சில மாதம் முன்பே, 1972 மே மாதம், அட்டாரியின் நோலன் புஷ்னெல் ஒடிசியின் செயல்விளக்கத்தைப் பார்த்திருந்தார். 1975-இல் உற்பத்தி நின்றபோது மொத்தம் சுமார் 3,50,000 பெட்டிகள்.

முழு விலையில் கணக்குப் போட்டாலும் அது 3.5 கோடி டாலர் வியாபாரம். காப்புரிமை வழக்குகளிலும் உரிமத் தொகையிலும் பின்னாளில் வந்தது 10 கோடி டாலருக்கு மேல். 1976-இல் அட்டாரி சமரசத்துக்கு வந்தது. மேட்டல், ஆக்டிவிஷன் போன்ற கேம் கம்பெனிகள் 1980களில் 'எங்களுடையது மைக்ரோபிராசசர், உங்கள் டயோடுகள் இதில் இல்லையே' என்று வாதாடித் தோற்றன. எல்லா வழக்கிலும் மையம் ஒன்றுதான்: இரண்டு உருவங்கள் மோதுவதைக் கண்டுபிடித்துப் பந்தின் திசையை மாற்றும் அந்தப் பகுதி.